உறையில் இல்லாத பெயர்கள்: ஒரு கிடார் வகுப்பும் சில வரலாற்றுக் குறிப்புகளும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாங்கள் நால்வர் சென்னையில் ஒரு கிடார் வகுப்புக்குப் போயிருந்தோம். நால்வரில் ஒருவருக்குத்தான் கிடார் வாசிக்க வரும். அதுவும் கல்லூரி ஆண்டு விழாக்களோடு நின்றுபோன வாசிப்பு. மற்ற மூவரும் கேட்பதோடு சரி. அழைப்பில் 'மாஸ்டர்கிளாஸ்' என்று போட்டிருந்தார்கள். நடத்தவிருந்தவர் சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக்கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடார் வாசித்தவர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டார். எழுதியிருந்தாலும் வாசகர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயர் எதையும் நினைவூட்டப் போவதில்லை. அவர் விரல்கள் எழுப்பிய ஒலியோ நம் எல்லோர் வீட்டு வானொலியிலும் கேட்டதுதான். இந்த முரண் அதன் பிறகு சில மாதங்கள் எங்களை விடவில்லை. பழைய புத்தகங்களையும் ஆவணப்படங்களையும் தேடிப் போக வைத்தது. அந்தத் தேடலில் கிடைத்தவற்றில் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். எங்களையும் சேர்த்து இருபது பேர் இருந்திருப்போம். மற்றவர்கள் எல்லோரும் இளைஞர்கள். மின்னல் வேகத்தில் வாசிப்பதற்கான சூட்சுமம் ஏதேனும் கிடைக்கும் என்கிற நம்பிக்கை அவர்கள் முகங்களில் தெரிந்தது. அவர் வந்தார், உட்கார்ந்தார், பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். கையால் எழுதிய ஸ்டாஃப் நோட்டேஷனின் நகல். இடது மேல் மூலையில் 'கிடார் 2' என்று எழுதியிருந்தது. "ஒரு நிமிஷம் பாருங்க. அப்புறம் வாசிக்கலாம்" என்றார்.

முதல் வரியில் ஒரு தடித்த கோடு. அதன் தலைமேல் 32 என்ற எண். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்களுக்காக: 32 பார்கள், அதாவது 32 தாள வட்டங்கள், வாசிக்காமல் சும்மா இருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். 33ஆவது பாரின் மூன்றாம் அடியில் ஒரே ஒரு சுரம். பிறகு மறுபடியும் ஓய்வு. அவர் மேசையில் தாளம் தட்டத் தொடங்கினார். அறையே மௌனமாக எண்ணியது. 29ஆம் பாரில் ஒருவர் நுழைந்துவிட்டார். 31இல் இருவர். பலர் எண்ணிக்கையைத் தவறவிட்டுப் பக்கத்திலிருப்பவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியான இடத்தில் அந்தச் சுரத்தை வைத்தவர்கள் இருவரே. "எண்ணிக்கிட்டே இருங்க தம்பி. வாசிக்கத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல நிறையப் பேர். எண்ணத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அடுத்த கால்ஷீட் வரும்" என்றார். வகுப்பின் முதல் மணி நேரம் இப்படியே போயிற்று. பின் வரிசையிலிருந்து இருவர் எழுந்து போய்விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'மாஸ்டர்கிளாஸ்' என்ற சொல்லுக்கு ஒரு பழைய கௌரவம் உண்டு. பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் 1869 முதல் 1886இல் இறக்கும் வரை ஜெர்மனியின் வைமார் நகரில் கோடைதோறும் கட்டணம் வாங்காமல் நடத்திய வகுப்புகளே இம்முறைக்குத் தொடக்கம் என்பார்கள். ஒரு மாணவர் எல்லோர் முன்னும் வாசிப்பார்; குரு திருத்துவார்; மற்றவர்கள் பார்த்துக் கற்பார்கள். கிடாருக்கு அந்த மரபைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஸ்பெயினின் ஆந்த்ரேஸ் செகோவியா. 1950களில் இத்தாலியின் சியெனாவிலும், 1958 முதல் ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவிலும் அவர் நடத்திய வகுப்புகளில் ஒரு தலைமுறையே உருவாயிற்று. அங்கே மாணவர் அடைய விரும்பியது செகோவியாவின் தொனியை. அந்த விரலசைவை, அந்தப் பாவத்தை. அதாவது ஒரு பெயரை. நாங்கள் போயிருந்த வகுப்போ பெயரே இல்லாமல் வாசிப்பது எப்படி என்பதற்கான பயிற்சியாக இருந்தது. இந்த இரண்டாவது வகை வகுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கப்போனால், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

1958க்கு முன் ஹாலிவுட்டின் பெரிய திரைப்பட நிறுவனங்கள் ஒவ்வொன்றும் மாதச் சம்பளத்தில் ஒரு முழு இசைக்குழுவை வைத்திருந்தன. அவ்வாண்டு இசைக்கலைஞர் சங்கம் அந்நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. அந்தப் போராட்டம் ஒரு விசித்திரமான முடிவுக்குப் போயிற்று. சங்கத்தின் தேசியத் தலைமைமீது அதிருப்தி கொண்டிருந்த கூடக் கலைஞர்கள் செசில் ரீட் தலைமையில் பிரிந்து தனிச் சங்கம் கண்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்; நிறுவனங்களோ நிரந்தர இசைக்குழுக்களை அத்தோடு கலைத்துவிட்டன. இனி ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே ஆள் கூப்பிட வேண்டும். ஒரு செஷன் என்பது வழக்கமாக மூன்று மணி நேரம். காலையில் ஒரு விளம்பரம், நண்பகலில் ஒரு ராக் பாட்டு, மாலையில் ஒரு திரைப்படம் என்று ஓடக்கூடிய, எதை வைத்தாலும் பார்த்தவுடன் வாசிக்கக்கூடிய ஆட்களுக்குத் திடீரென்று பெருந்தேவை உண்டாயிற்று. ராக் இசையின் வியாபாரமும் சரியாக அப்போதுதான் பெருகிக்கொண்டிருந்தது.

அப்படி ஓடியவர்களில் ஒருவர் டாமி டெடெஸ்கோ. 1930இல் நயாகரா ஃபால்ஸ் நகரில் பிறந்த இத்தாலிய வம்சாவளியினர். 'போனான்ஸா', 'பேட்மேன்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பு இசையில் கேட்கும் கிடார் அவருடையது என்பார்கள். அவரை இக்கட்டுரைக்குள் கொண்டுவருவதற்குக் காரணம் அந்தப் பட்டியல் அன்று. தன் தொழிலின் உள்விவகாரங்களை அவர் அளவுக்கு வெளிப்படையாக எழுதியும் பேசியும் வைத்தவர் அன்று வேறொருவர் இல்லை என்றே சொல்லலாம். 'கிடார் பிளேயர்' இதழில் 'ஸ்டுடியோ லாக்' என்ற பத்தியைப் பல ஆண்டுகள் எழுதினார். ஒவ்வொரு மாதமும் ஒரு செஷன். அன்று முன்னால் வைக்கப்பட்ட இசைக்குறிப்பு, எந்தக் கருவி, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என எல்லாம் அதில் இருக்கும். எழுத்தாளர்கள் தங்கள் சன்மானத்தை இப்படி மாதந்தோறும் அச்சிட்டிருந்தால் சிற்றிதழ் வரலாறு எவ்வளவு சிரிப்பாக இருந்திருக்கும் என்று எங்களில் ஒருவர் சொன்னார்.

பணத்தைப் பற்றிப் பேசுவதில் அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள நான்கு காரணங்கள்தாம் உண்டு என்பது அவர் அடிக்கடி சொன்னது: பணம், தொடர்புகள், அனுபவம், வெறும் மகிழ்ச்சி. நான்கில் ஒன்றுகூட இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சங்க விதிகளின்படி ஒரே செஷனில் இரண்டாவது கருவியை வாசித்தால் கூடுதல் ஊதியம் உண்டு. எனவே டெடெஸ்கோ மாண்டலின், பாஞ்சோ, யுகுலேலே, பலலைக்கா என்று ஒரு பட்டாளத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். அவற்றையெல்லாம் கிடாரைப் போலவே சுருதி கூட்டிக்கொள்வதுதான் சூட்சுமம்! ரஷ்யக் கருவி என்று ரசிகர் நினைத்து உருகும் இடத்தில் கை வாசிப்பது கிடாரின் அதே விரலமைப்பை. இதை அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் முன் சிரித்துக்கொண்டே உடைத்துப் போட்டார்.

அந்த மாணவர்கள் அமர்ந்திருந்த இடம் ஹாலிவுட்டில் 1977இல் தொடங்கப்பட்ட கிடார் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. நிறுவியவர்கள் இருவர்: பேட் ஹிக்ஸ் என்ற தொழில்முனைவர், ஹவர்ட் ராபர்ட்ஸ் என்ற கிடார் கலைஞர். ராபர்ட்ஸ் நுட்பமான ஜாஸ் கலைஞர். அதே சமயம் ஓய்வில்லாமல் ஒலிப்பதிவுக்கூடங்களில் வாசித்தவரும்கூட. ஊர் ஊராகப் போய்ப் பயிலரங்குகள் நடத்திய அனுபவத்திலிருந்து, தொழில்முறைக் கிடார்க்காரரை உருவாக்கும் பள்ளி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கிறது. பின்னாளில் மியூசிஷியன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் மாறிய அந்தப் பள்ளியில் டெடெஸ்கோ வந்து பேசுவது மாணவர்களுக்கு ஒரு திருவிழா. அவர் பேசும் காட்சிகள் சிலவற்றை ஆவணப்படத்தில் பார்த்தோம். பருத்த உடல், தாடி, இடையறாத நகைச்சுவை. ஒரு சீட்டாட்டக்காரர் தன் ஆட்டத்தை விளக்குவதுபோல இருக்கிறது. அதுவரை ஒலிப்பதிவுக்கூடத்தின் கனத்த கதவுக்குப் பின்னால், தொலைபேசி அழைப்பு வரும் சிலருக்குள் மட்டும் புழங்கிய அறிவு அங்கே வகுப்பறைக்கு வந்தது. இரண்டாம் வகை மாஸ்டர்கிளாஸ் என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

பெயர் விவகாரத்துக்கு வருவோம். 1965இல் 'தி பேர்ட்ஸ்' குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. இசைத்தட்டின் உறையில் ஐந்து இளைஞர்கள் நிற்கிறார்கள். அந்தப் பதிவில் கருவி வாசித்தவர் அவர்களில் ஒருவரே, ரோஜர் மெக்குவின். மற்றக் கருவிகளை வாசித்தவர்கள் கூலிக்கு வந்த கூடக் கலைஞர்கள். 'தி மங்க்கீஸ்' என்ற தொலைக்காட்சிக் குழு விஷயம் இன்னும் மோசம். 1966இல் வந்த அவர்களது முதல் இசைத்தட்டில் பெரும்பாலான கருவிகளை வாசித்தவர்கள் வேறு ஆட்கள் என்ற செய்தி வெளியானபோது அது ஊழலைப் போலவே பேசப்பட்டது. ரசிகர்கள் கோபம் பாடகர்கள்மீது. உண்மையில் வாசித்தவர்கள் யார் என்று அப்போது கேட்டவர்கள் மிகச் சிலரே. இன்று நமக்கு அவர்கள் பெயர்கள் தெரிவதற்குப் பெருங்காரணம் சங்கம்தான். ஒவ்வொரு செஷனுக்கும் ஊதியம் கொடுப்பதற்காகச் சங்கத்தில் தாக்கல் செய்த ஒப்பந்தப் படிவங்களில் வாசித்தவர் பெயர்கள் இருந்தன. உறை மறைத்ததைச் சம்பளப் பட்டியல் காப்பாற்றியது. நம் கோயில் கல்வெட்டுகளிலும் இப்படித்தானே, தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள் தஞ்சைப் பெரிய கோயிலில் நமக்குக் கிடைத்தது அவர்களுக்குப் பங்கு ஒதுக்கிய கணக்கின் வழியாகத்தான்.

நாஷ்வில் நகரத்துக் கதை கொஞ்சம் வேறு. அங்கே இசைக்குறிப்பு எழுதி வைப்பதே குறைவு. 1950களின் பிற்பகுதியில் 'ஜோர்டனேர்ஸ்' குழுவின் நீல் மாத்யூஸ், கார்டுகளின் பெயர்களுக்குப் பதிலாக 1, 4, 5 என்று எண்களைக் குறித்துக்கொள்ளும் முறையைக் கையாண்டார். சார்லி மக்காய் அதை வாத்தியக்காரர்களுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார். பாடகருக்குச் சுருதி ஒத்துவரவில்லையென்றால் ஒரு கட்டை ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்ளலாம். தாளைத் திருத்த வேண்டியதில்லை. ஆதார ஸட்ஜத்தை எங்கே வைத்தாலும் ஸரிகம மாறாத நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் மேற்கத்தியக் குறிப்பு முறையில் ஊறியவர்களுக்கு இது பெரிய விடுதலையாக இருந்திருக்க வேண்டும்.

அதே நாஷ்வில்லில் ஒரு விபத்தும் நடந்தது. 1960இல் மார்ட்டி ராபின்ஸ் 'டோன்ட் வொரி' என்ற பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கிரேடி மார்ட்டின் என்ற கூடக் கலைஞர் ஆறு தந்தி பேஸ் கிடாரில் ஓர் இடையிசை வாசித்தார். ஒலிக்கலவை மேசையில் ஒரு தடம் பழுதாகி, கிடாரின் ஒலி கிழிந்த துணி போலக் கரகரத்தது. திருத்துவதா அப்படியே விடுவதா என்று விவாதித்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். 1961இல் பாட்டு வெளியாகி வெற்றி பெற்றது. அந்தக் கரகரப்பு எங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னோடி அதை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு சிறு கருவியை வடிவமைக்க, கிப்சன் நிறுவனம் 1962இல் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்த பிறகு உலகமே கேட்டது. ராக் கிடாரின் அடையாளமாகிவிட்ட ஒலியின் தொடக்கத்தில், மூன்று மணி நேரக் கூலிக்கு வந்த ஒருவரின் விரலும் ஒரு பழுதான மேசையும் இருக்கின்றன. கீத் ரிச்சர்ட்ஸின் பெயர் நமக்குத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட எங்களை நிலைகொள்ளாமல் செய்தது டெட்ராய்ட் நகரத்துக் கதைதான். அதற்கு முன் எங்கள் வகுப்பின் இரண்டாவது மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது.

இடைவேளையில் தேநீர் வந்தது. ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி, "சார், நீங்க வாசிச்ச பாட்டு ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டார். அவர் சிரித்தார். பதில் சொல்லாமல் கிடாரை எடுத்து நான்கு பார் வாசித்தார். ஒரு பல்லவிக்கு முன்னால் வரும் முன்னிசை. அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்தப் பாட்டு பிறந்தபோது அங்கிருந்த பாதிப் பேர் பிறந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "இது நீங்களா சார்?" என்றார் அந்த இளைஞர். "எழுதினது அவர். பாடினது அவங்க. அன்னைக்கு கிடார் வாசிச்சது நான். வெளியில போய் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, எனக்கு வேற வேலை இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த நான்கு பாரை வாசித்து முடித்ததும் தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கிய விதத்தில் வேறு ஏதோ இருந்தது. கூச்சமா, கசப்பா என்று எங்களுக்குள் வழியெல்லாம் விவாதம். முடிவுக்கு வரவில்லை.

இப்போது டெட்ராய்ட். மோட்டவுன் நிறுவனத்தின் சின்னஞ்சிறு ஒலிப்பதிவுக்கூடத்தில் 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு குழு 1960கள் முழுவதும் வாசித்தது. டெம்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ், மார்வின் கே என உலகம் கொண்டாடிய பாடகர்களுக்கெல்லாம் பின்னால் இருந்தவர்கள் அவர்களே. அந்த ஆண்டுகளில் உறைகளில் அவர்கள் பெயர் வருவதில்லை. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டில்தான் முதன்முறையாகப் பெயர்கள் முறையாக அச்சாயின. பேஸ் கிடார்க்காரர் ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு ஒப்பற்றவர் என்ற அடைமொழியும் சேர்ந்து வந்தது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது.

குழுவின் கிடார்க்காரர்களில் ஒருவர் ராபர்ட் ஒயிட். 1964இல் வெளிவந்த 'மை கேர்ள்' பாட்டின் தொடக்கத்தில் படியேறுவதுபோல ஏறிவரும் அந்தக் கிடார் வரி அவர் வாசித்தது. கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மோட்டவுன் கலைஞர்களைப் பற்றி எழுதிய ஆலன் ஸ்லட்ஸ்கி ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். 2002இல் வந்த 'ஸ்டேண்டிங் இன் த ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்' ஆவணப்படத்தில் அது இடம்பெறுகிறது. முதிய வயதில் ஒயிட் ஒரு உணவகத்தில் ஸ்லட்ஸ்கியோடு உட்கார்ந்திருக்கிறார். பரிமாறுபவர் வந்து என்ன வேண்டும் என்று கேட்கிறார். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் 'மை கேர்ள்' தொடங்குகிறது. ஒயிட் முகம் மலர்கிறது. இந்தப் பாட்டைக் கேட்கிறாயா என்று பரிமாறுபவரிடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். பிறகு நிறுத்திக்கொண்டு உணவைச் சொல்கிறார். ஏன் சொல்லவில்லை என்று ஸ்லட்ஸ்கி பின்னர் கேட்டபோது, சொன்னால் நம்பியிருக்க மாட்டான், கிழட்டு முட்டாள் என்று நினைத்திருப்பான் என்றாராம். 1994இல் ஒயிட் இறந்தார். படம் வெளிவர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

இதைப் படித்த அன்றைக்கு நாங்கள் நால்வரும் அந்த உள்ளங்கையைத்தான் நினைத்துக்கொண்டோம்.

ஒருவேளை இதையெல்லாம் நாம் வெளியிலிருந்து அதிகமாக இரக்கப்பட்டுப் பார்க்கிறோமோ என்ற சந்தேகமும் எழாமல் இல்லை. அந்தச் சந்தேகத்துக்கு வலுச்சேர்ப்பவர் கேரல் கே. 1935இல் பிறந்தவர், ஜாஸ் கிடார்க்காரராகத் தொடங்கியவர். 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் கிடார்க்காரர் வராமல் போகவே அந்தக் கருவியைக் கையிலெடுத்து, பிறகு அதிலேயே முன்னணிக்கு வந்தார். 1969இல் பேஸ் கிடார் பயில்வதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டு, ஆசிரியராகவும் பெயர் பெற்றார். லாஸ் ஏஞ்சலஸ் கூடக் கலைஞர்களை இன்று உலகம் 'ரெக்கிங் க்ரூ' என்றழைக்கிறது. அந்தப் பெயரைப் பரப்பியது டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளெய்ன் 1990இல் எழுதிய புத்தகம். கேரல் கே அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. தாங்கள் அந்நாளில் அப்படி அழைக்கப்படவே இல்லை, அது பிற்காலத்தில் ஒருவர் தன் புத்தகத்துக்காகக் கட்டியது என்பது அவர் வாதம். 2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைக் கௌரவிக்கத் தேர்ந்தெடுத்தபோது, தொண்ணூறு வயதில், ஏற்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். கூடக் கலைஞர்கள் செய்த வேலையை அந்தக் கௌரவம் பிரதிபலிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. பெயரே போடாமல் விட்டது ஒரு அநீதி. தவறான பெயரைப் போட்டது இன்னொன்று என்று அவர் கருதுகிறார் போலும். எங்களுக்கு அவருடைய பிடிவாதம் பிடித்திருக்கிறது.

டெடெஸ்கோவின் கதையும் ஒரு வேடிக்கையில் முடிகிறது. 1992இல் பக்கவாதம் தாக்கி அவர் வாசிப்பு நின்றது. அடுத்த ஆண்டு தன்வரலாறு வெளிவந்தது. 1996இல் மகன் டென்னி, தந்தையையும் ஹால் பிளெய்ன், கேரல் கே, சாக்ஸபோன் கலைஞர் பிளாஸ் ஜான்சன் ஆகியோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்துப் பேசவிட்டுப் படம் எடுக்கத் தொடங்கினார். 1997 நவம்பரில் தந்தை இறந்தார். 2008இல் படம் முடிந்து விழாக்களில் திரையிடப்பட்டது. ஆனால் பொதுத் திரையீட்டுக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், படத்தில் ஒலிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கான உரிமத்தொகை. அந்தப் பாடல்களை வாசித்தவர்களைப் பற்றிய படத்தில் அவர்கள் வாசித்ததைக் கேட்கவைப்பதற்கு ஏழாண்டுகள் பணம் திரட்டியிருக்கிறார் ஒரு மகன். தந்தையின் நான்கு காரணங்களில் இது எதில் சேரும் என்று தெரியவில்லை.

நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன், 1970களின் தொடக்கத்தில், சென்னைக் கூடங்களில் கூலிக்குக் கிடார் வாசித்தவர்தான். சலில் சௌத்ரி உள்ளிட்டோருக்கு வாசித்திருக்கிறார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்திருக்கிறார். அதாவது நமது திரையிசையின் மிகப்பெரிய பெயர்களில் ஒன்று ஒருகாலத்தில் பெயரில்லாத தாளொன்றைப் பார்த்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் பிற்காலத்தில் எழுதிய இசைக்குறிப்புகளில் கிடாருக்குக் கிடைக்கும் இடத்தைக் கேட்டால் அந்த நாற்காலியின் நினைவு அதில் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. இசைத்தட்டு உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிடும் வழக்கம் இங்கே பரவலானதற்கு 1990களில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடாக்களே முக்கியக் காரணம். எங்கள் வகுப்பை நடத்தியவர் அதற்கு முந்தைய தலைமுறை. எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒன்றாக வாசித்த காலத்தவர். ஒருவர் தவறினால் அத்தனை பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த 32 பார்களின் பாரம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தனக்காக மட்டும் எண்ணியவரில்லை அவர்.

வகுப்பு ஒரு மணிக்கு முடிந்தது. எல்லோரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் தாள்களைத் திருப்பி வாங்கி எண்ணத் தொடங்கினார். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார். எழுந்து போன இருவரின் தாள்கள் நாற்காலிமேல் இருந்தன. அதையும் சேர்த்தும் ஒன்று குறைந்தது. "பழைய தாள் சார், ஜெராக்ஸ்தானே" என்றார் ஏற்பாடு செய்தவர். "ஜெராக்ஸ்தான். இருந்தாலும் எண்ணிக்கை வரணும்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் கழித்து, எங்கள் நால்வரில் கிடார் வாசிக்கத் தெரிந்த நண்பர் முகம் சிவந்து பையைத் திறந்தார். 'கிடார் 2' என்று எழுதிய அந்தத் தாளை ஞாபகத்துக்காக எடுத்து வைத்திருந்தாராம். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, கட்டின் அடியில் வைத்து, விளிம்புகளைத் தட்டிச் சமன்செய்து பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.